பாட்னரைக் கேட்டுச் சொல்கிறேன்

என் சாப்பாட்டு மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு ஃபுல்ஸ்காப் தாள் கிடக்கிறது. பழுப்பேறி, ஓரம் நைந்து, நடுவில் மடித்த இடத்தில் கிழியப் பார்த்து, அப்படியும் கிழியாமல் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க மிஸ், இங்கிலீஷ் டியூஷன் குடுக்குறீங்களா?" என்று கேட்பார்கள். இருபத்திரண்டு ஆங்கில வசனங்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, எண் போட்டு டைப் அடித்தவை. அடித்தவள் நான்தான். வியாபாரம் பேசவும் முடிவு சொல்லவும் உதவுகிற வசனங்கள். வலது ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரே பென்சிலில் தமிழ் எழுதியிருக்கிறது. அந்தக் கோணல் எழுத்து என்னுடையதல்ல, எங்கள் முதலாளியுடையது. அந்த ஓரத்தில் இருப்பதை நான் முதல்முறை படித்தபோது அவர் கடல் தாண்டிப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

கண்டி மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள் இருந்தது அவருடைய கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம் என்று சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற சரக்கையெல்லாம் மொத்தமாக வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரம். முன்பக்கம் தராசும் சாக்குமூட்டைகளும். நடுவில் கணக்கு வழக்குப் பார்க்கப் பலகை அடித்த ஒரு சின்னக் கந்தோர், அதில் இரண்டு மேசை. பின்னால் ஒரு உள்ளறை. அப்பா போன பிறகு, டைப்பிங்கும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும் என்ற ஒரே தகுதியோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் காலையில் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, பாலம் தாண்டி டவுனுக்கு வருவேன். மாலையில் திரும்பும்போது பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுருக்குவாள், சேலையெல்லாம் கராம்பு வாசம். அம்மா அந்தச் சேலையைத் தனியாகத்தான் துவைப்பாள். "வீட்டுக்குள்ள வர்றியா, பல்லுவலி மருந்துக் கடையே வருதா?" என்பாள்.

முதலாளிக்கு அப்போது நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது இருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணம் கட்டவில்லை. தம்பியும் தம்பி குடும்பமுமே தன் குடும்பம் என்று இருந்துவிட்டவர். அந்தக் கடையே அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான். பிறகு, இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனத்தை இரண்டு அரசும் பங்கு போட்டுக்கொண்ட அந்தப் பாழாய்ப்போன பிரஜாவுரிமைக் காகிதங்கள் வந்தன. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் அண்ணனுக்கு இந்த நாடு என்று எழுதி வந்தது, தம்பிக்கு இந்தியா என்று எழுதி வந்தது. தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய்விட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது நடந்து சில வருடம் ஆகியிருந்தது. ஆனால் உள்ளறையில் தம்பியின் கதிரை அப்படியே இருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை, மூட்டை வைப்பதும் இல்லை.

அங்கே வியாபாரம் பேசும் முறையை நான் முதல் வாரம் பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாயால் பேசவே மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே உட்காருவார்கள். முதலாளி தோளில் கிடக்கும் சிவப்புக்கரைத் துண்டை எடுத்து இருவர் கையின்மேலும் போடுவார். துண்டுக்குள் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டைப் பிடித்தால் இன்னொரு விலை, கையை உருவிக்கொண்டால் பேச்சு முறிந்தது. மேலே இருவரும் மழையைப் பற்றியோ கடுகண்ணாவைக் கணவாயில் லொறி நின்றுபோனதைப் பற்றியோ கதைத்துக்கொண்டிருப்பார்கள். கடையில் பத்துப் பேர் நின்றாலும் விலை ஒருவருக்கும் தெரியாது. தம்பி இருந்த காலத்தில், வந்தவரின் விலை தெரிந்ததும் முதலாளி துண்டைத் தம்பி பக்கம் திருப்புவாராம். தம்பி உள்ளங்கையை அழுத்தினால் சரி. சுண்டுவிரலைச் சுண்டினால் வேண்டாம். இதை எனக்குச் சொன்னவர் மூட்டை தூக்கும் பெரிய நாட்டாமி. "அவுங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டாலும் துண்டுக்குள்ளதான் மிஸ்" என்பார்.

அப்புறம் வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கொழும்பில் நிற்காமல் நேரே கண்டிக்கே சரக்குத் தேடி வரத் தொடங்கினார்கள். முதன்முதலில் எங்கள் கடைக்கு வந்த வெள்ளைக்காரர் நல்ல உயரம், வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். கராம்பை முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார், தலையாட்டினார். நம்முடைய ஆள் என்ன செய்தார் தெரியுமா? வழக்கப்படி துண்டை எடுத்து அந்த மனிதரின் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டு, இரண்டு விரலை இறுக்கிப் பிடித்தார். வெள்ளைக்காரர் தேள் கொட்டினாற்போலத் துள்ளி எழுந்தார். முகம் சிவந்து, என்னைப் பார்த்து, முதலாளியைப் பார்த்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, இடித்த தலையை மறுபடியும் இடித்துக்கொண்டு போயேவிட்டார். பெரிய நாட்டாமி மூட்டைக்குப் பின்னால் குனிந்து சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மிஸ், நான் கையால பேசுறத வாயால பேச நாலு இங்கிலீசு எழுதிக் குடுங்க" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. எனக்குச் சிரித்ததற்காக வெட்கமாகிவிட்டது.

நாலு கேட்டார், இருபத்திரண்டு கொடுத்தேன். நான் என்ன, பெரிய வியாபாரியா? மார்க்கெட்டில் கீரைக்காரியிடம்கூடப் பேரம் பேச வராது எனக்கு. லைப்ரரியில் ஒரு வர்த்தகக் கடிதப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பாதி அதிலிருந்தும் பாதி என் மண்டையிலிருந்தும் அடித்தேன். முதலாவது, 'வீ அப்ரிஷியேட் யுவர் இன்ட்ரஸ்ட்.' நான்காவது, 'கேன் யூ டூ எனி பெட்டர்?' ஏழாவது, 'ஐ ஷெல் ஹாவ் டு கன்சல்ட் மை பாட்னர்.' உடனே முடிவு சொல்லிவிடக் கூடாது, அங்கே இல்லாத ஓர் ஆளைச் சொல்லி நேரம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. ஒவ்வொன்றின் பொருளையும் நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஏழாவதில் நின்றார். பாட்னரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அர்த்தம் என்றேன். "இது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். புத்தகத்தில் இருந்தது என்றேன். "பொஸ்தகத்துலயே இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

தாளைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில், தன் பக்கம் பார்க்க வைத்துக்கொண்டார். தினமும் காலையில் சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு, மிளகில் கல் பொறுக்கிக்கொண்டே மந்திரம்போல ஒப்பிப்பார். பத்து மணிக்குத் தேத்தண்ணீர் வந்ததும் ஒத்திகை. நான்தான் வெள்ளைக்காரர். கதிரையை இழுத்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, "டூ எக்ஸ்பென்சிவ்!" என்று உதட்டைப் பிதுக்குவேன். சும்மா சொல்லக் கூடாது, நான் பொல்லாத வெள்ளைக்காரர். ஒரு சதம் ஏற மாட்டேன். அவர் கண்ணாடிக்கு அடியில் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து ஒன்று ஒன்றாக எடுத்து விடுவார். நான் மடங்காவிட்டால், "அடி ஆத்தாடி, இது வெள்ளக்காரன் இல்ல, வட்டிக்கடைக்காரன்!" என்பார். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் அந்த வருடங்களில் காலையில் எழுந்தேன், தலை வாரினேன், பஸ் ஏறினேன். இதை அம்மாவிடம் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இப்போது எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.

ஆட்கள் வந்தார்கள். முதலாளி நன்றாகவே பேசினார். உச்சரிப்பு நம்ம ஊர் உச்சரிப்புத்தான், ஆனால் இடம் பார்த்து விடுவார். விலை ஓர் இடத்தில் வந்து நின்றதும், கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று ஏழாவதைச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போவார். பத்து நிமிடம் கழித்து வந்து சரி என்பார், அல்லது மன்னிக்கணும் என்பார். உள்ளே வெற்றிலை போடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று கூப்பிடப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. தம்பியின் கதிரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு முக்காலி. முக்காலியின்மேல் துண்டு. துண்டுக்குள் அவருடைய இரண்டு கையும் இருந்தன. வலக்கை கேட்டுக்கொண்டிருந்தது, இடக்கை தம்பியாக இருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து டைப்ரைட்டரில் எதையோ தட்டினேன். என்ன அடித்தேன் என்று தெரியாது, தாளே மாட்டியிருக்கவில்லை. ஒரு மனிதர் இவ்வளவு தனியாக இருப்பார் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

போகப் போக அவர் உள்ளறைக்குப் போவது குறைந்தது. ஏழாவதைச் சொல்லிவிட்டு என் மேசைக்கு வருவார். ஏதோ காகிதம் தேடுகிறவர்போல ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "என்ன மிஸ், விட்டுறலாமா?" என்பார். "விடாதீங்க மொதலாளி, இன்னும் ஏறுவான்" என்பேன், அல்லது "போதும், முடிச்சிருங்க" என்பேன். அதையே போய்ச் சொல்வார். நான் அதை என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மக்கு.

அப்படி மூன்று நாலு வருடம் போயிருக்கும். கொழும்பிலிருந்து ஒரு பெரிய கம்பனி கடையையே கேட்டது. கட்டிடம், கிட்டங்கி, பெயர், வாடிக்கை எல்லாம் சேர்த்து. இந்தியாவிலிருந்து தம்பி, விசாவுக்கு வழி செய்வதாகவும், "வந்துருண்ணே, கடைசிக் காலத்துல ஒண்ணா இருப்போம்" என்றும் அதே சமயத்தில் எழுதியிருந்தார். கொடுத்தால் முதலாளி போய்விடுவார். கொடுக்காவிட்டால் இருப்பார். விஷயம் இவ்வளவுதான். கம்பனிக்காரர், டை கட்டிய மனிதர், இரண்டாவது தடவை வந்தபோது கையெழுத்துப் போடக் காகிதமும் கொண்டு வந்தார். முதலாளி ஏழாவதைச் சொன்னார். வந்தவர் சிரித்து, தான் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வருவதாகவும், அதற்குள் பாட்னரைக் கேட்டு வைக்கும்படியும் சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் ஹோட்டலுக்குப் போனார்.

முதலாளி உள்ளறைக்குப் போகவில்லை. ஃபைலையும் தேடவில்லை. நேரே வந்து என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில், ஒத்திகையில் உட்காருவது போலவே உட்கார்ந்தார். வெளியே நல்ல மழை. தோளிலிருந்த துண்டை எடுத்து, என் டைப்ரைட்டரைக் கொஞ்சம் ஒதுக்கி, மேசைமேல் விரித்தார். தன் வலக்கையை அதற்கு அடியில் வைத்தார். துண்டின் மறுபாதி என் பக்கம் கிடந்தது.

"குடுத்துட்டுத் தம்பிகிட்ட போயிறவா, இல்ல இங்கயே இருக்கவா?" என்றார். "என்னால தனியா முடிவு பண்ண முடியல. நீங்க சொல்லுங்க மிஸ்."

எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். உள்ளே கையை விட்டு அந்தச் சுண்டுவிரலைச் சுண்ட வேண்டும். ஒரு சுண்டு. போகாதீங்க என்று அர்த்தம். கை மடியில் கிடந்தது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய நாட்டாமியும் மற்றவர்களும் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். முப்பத்தைந்து வயதுக் கன்னிப்பெண், பட்டப்பகலில், முதலாளியின் கையை, துணிக்கு அடியில். அம்மாவின் முகம் வந்தது. பஸ்ஸில் மூக்கைச் சுருக்குகிறவளின் முகம் வந்தது. அதோடு, ஒருவேளை அவர் சும்மா வியாபாரத்துக்குத்தான் கேட்கிறாரோ, நான்தான் அசடாக எதையோ நினைத்துக்கொள்கிறேனோ என்றும் இருந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பத்தொன்பதாவது வாயில் வந்து நின்றது. "த டிசிஷன் இஸ் என்டயர்லி யுவர்ஸ், சேர்" என்றேன். முடிவு முழுக்க முழுக்க உங்களுடையது. அதற்கு முன் நான் அவரை ஒரு நாளும் சேர் என்று கூப்பிட்டதில்லை.

கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு எடுத்தார். துண்டை நாலாக மடித்தார், அப்புறம் எட்டாக மடித்தார். "சரிங்க மிஸ்" என்றார். இரண்டு மணிக்குக் கம்பனிக்காரர் வந்ததும் எழுந்து நின்று கை கொடுத்து, இருபத்திரண்டாவதைச் சொன்னார். "வீ ஹாவ் எ டீல்." அன்றைக்கு உச்சரிப்பு பிசகவே இல்லை. ஒப்புதல் கடிதத்தை நான்தான் அடித்தேன், கார்பன் வைத்து மூன்று பிரதி, ஒரு பிழை இல்லாமல்.

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. போகிற அன்று கடைக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம், "ஒடம்பப் பாத்துக்குங்க, பொழுதோட வீட்டுக்குப் போங்க" என்றார். துண்டு தோளில் இருந்தது. நான் "நல்லபடியாப் போயிட்டு வாங்க மொதலாளி" என்றேன். மூன்று நாள் கழித்துப் புதிய ஆட்கள் மேசைகளை மாற்றிப் போட்டபோது, பெரிய நாட்டாமி அந்தத் தாளைக் கொண்டுவந்து, "இது ஒங்களோடது தானுங்களே" என்று கொடுத்தார். அப்போதுதான் ஓரத்தைப் படித்தேன். நான்காவதற்கு நேரே, 'இன்னும் கொஞ்சம் ஏறுங்க ராசா' என்று இருந்தது. சிரித்தேன். 'தட் சவுண்ட்ஸ் ரீசனபிள்' என்பதற்கு, 'உள்ளுக்குச் சந்தோசம், மூஞ்சியில காட்டப்படாது.' அதற்கும் சிரித்தேன். பத்தொன்பதாவதற்கு நேரே, 'கைய உருவிக்கிட்டான்' என்று எழுதியிருந்தது. மேலே போனேன். ஏழாவதற்கு நேரே 'தம்பி' என்று எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, புதுப் பென்சிலில், 'மிஸ்.'

சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கராம்புத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. சௌகரியமாக இருப்பதாக எழுதியிருந்தார். தம்பி நல்லவன்தான், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள் என்று எழுதிவிட்டு, 'இங்கே எல்லாத்தையும் அவுங்களே பேசி முடிச்சிர்றாங்க. என்னிய யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல' என்று முடித்திருந்தார். நான் என்ன செய்தேன்? பதில் டைப் அடித்தேன். தங்கள் கடிதம் கிடைத்தது, இங்கே அனைவரும் நலம் என்று. கையால் எழுதியிருக்கலாம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் காலமான செய்தியைப் பல வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் பார்த்த பெரிய நாட்டாமிதான் சொன்னார். அதுவும் பழைய செய்தியாகிவிட்டிருந்தது.

அம்மாவும் போய் வெகுகாலமாயிற்று. பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் சொல்லிய பதில்களையெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை, அவையும் அந்தத் தாளில் இருப்பவைதான். வீட்டில் இரண்டு கதிரை வைத்திருக்கிறேன். இப்போது கனடாவில் இருக்கும் அக்கா மகன் தினமும் ஃபோனில் கூப்பிடுகிறான். தனியாக இருந்து என்ன செய்யப் போறீங்க சித்தி, வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்க, நான் எல்லாம் பேசி முடிச்சிட்டேன் என்கிறான். நல்ல பிள்ளை. என்னை ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன கிழமை அவன் ஏற்பாட்டில் ஒரு தம்பி வீடு பார்க்க வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை, கண்டியில் கடை வைத்திருக்கிறாராம். சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். விலை சொன்னார். நியாயமான விலை. பேச்சுவாக்கில் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே, "அப்ப முடிச்சிக்கலாங்களா அம்மா?" என்றார்.

"பாட்னரக் கேட்டுச் சொல்றேன், இருங்க" என்றேன்.

அறைக்குள் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து முழங்கால்மேல் விரித்தேன். இரண்டு கையையும் உள்ளே விட்டேன். வலக்கை கேட்டது, குடுத்துட்டுப் போயிறவா, இங்கயே இருக்கவா என்று. இடக்கை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. குளிர்ந்திருந்தது. பிறகு சுண்டுவிரலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டியது. வலித்தது.

வெளியே வந்தேன். அந்தத் தம்பி எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி" என்றேன். "பாட்னர் போக வேணாங்கிறாரு."